ஒரு நாள் மூத்தவள்

“விண்ணப்பதாரர் ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருக்க வேண்டும். ஒரு நாள் முன்னதாக இருந்தாலும் ஏற்க இயலாது.” கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் அலுவலகத்திலிருந்து தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை கிரேஸுக்கு வந்து, அவள் எனக்கு அனுப்பிவைத்த மின்னஞ்சலின் நான்காம் பத்தி இது. ஆண்டையும் குறித்திருந்தார்கள், அதை இங்கே விட்டுவிடுகிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நான் அதைப் படித்தது ஜூன் 5, வியாழக்கிழமை, மதியம் 12:20, சாங்வொன் நகரில் நான் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில். எதிரே ஒரு கிண்ணம் கடற்பாசி சூப் ஆறிக்கொண்டிருந்தது. இங்கே பிறந்தநாள் காண்பவருக்கு அதைத்தான் கொடுப்பார்கள். மியோக்குக் என்று பெயர். ஒவ்வொரு ஜூன் ஐந்தாம் தேதியும் எனக்கு அந்தச் சூப் வருகிறது, பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். நான் பிறந்தது அக்டோபரில்.

ஊரில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, சேர்க்கும் அன்றே அப்பாவும் தலைமையாசிரியரும் பேசி ஒரு தேதி வைத்துவிடுவார்கள். என் வகுப்பில் ஜூன்மாதக்காரர்களே அதிகம். கொரியாவில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். எனக்கு மேலதிகாரியான பார்க் ஒருமுறை கேட்டார்: “அப்படியானால் அக்டோபரில் உங்களுக்குச் சூப் வைத்துத் தருபவர் யார்?” எங்கள் ஊரில் அந்த வழக்கமே கிடையாது என்ற பொருளில் யாரும் இல்லை என்றேன். அவர் கேட்டது வேறு, நான் சொன்ன பதில் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைத் துணையற்ற மனிதன் என்று எடுத்துக்கொண்டார். தேதியைக் கேட்கக் கூச்சப்பட்டாரோ என்னவோ, அன்றிலிருந்து அக்டோபர் மாதம் முழுவதும் என்னிடம் கனிவாக நடந்துகொள்கிறார்.

இனி நிகழ்ச்சி. பல நாடுகளிலிருந்தும் பாடவும் ஆடவும் தெரிந்த பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே விடுதியில் தங்கவைத்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, பார்வையாளர்களின் வாக்குப்படி ஒவ்வொரு சுற்றிலும் சிலரைக் கழித்து, மிஞ்சுபவர்களைக் கொண்டு ஒரு பாடல் குழுவை உருவாக்குவார்கள். அந்தக் குழுவுக்கு ஒப்பந்தம், ஒரே மாதிரி உடை, ஒரே வீடு. நம் ஊர்ப் பாட்டுப் போட்டிகளில் ஜெயித்தவருக்கு வீடு கொடுப்பார்கள்; இங்கே ஜெயித்தவரை வீட்டிலிருந்து கூட்டிப்போய்விடுவார்கள். நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, தரம் எழுதி ஒட்டி, பொருந்தாததைத் தனிப்பெட்டியில் போடுவது என் தொழில். அந்த நிகழ்ச்சியிலும் பிள்ளைகளின் சட்டையில் தர எழுத்து ஒட்டியிருப்பார்கள். முதல்முறை பார்த்தபோது தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். கிரேஸின் மகள் பெனிட்டா அதற்கு விண்ணப்பித்த பிறகு அணைக்க முடியவில்லை.

பெனிட்டா பிறந்தபோது நான் கொரியா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆகவே அவள் வயதும் என் புலம்பெயர் வாழ்வின் வயதும் ஏறக்குறைய ஒன்று. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறார்கள். கிரேஸ் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை, அவள் கணவர் ராஜன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பெனிட்டா சபைப் பாடகர் குழுவில் பாடினாள்; ஆட்டத்தைக் கைப்பேசி பார்த்துக் கற்றுக்கொண்டாள். விண்ணப்பத்துக்கான காணொளியை அடுக்ககத்தின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே எடுத்தார்கள். அது தேறி, இணையவழியில் இன்னும் இரண்டு சுற்று தேறி, கடைசியில் இந்த மின்னஞ்சல் வந்தது: ஆவணங்களை அனுப்புங்கள், செப்டம்பரில் ஒளிப்பதிவு.

அவள் பிறந்த தேதி ஜூலை 1. அவர்கள் சொன்ன அதே ஆண்டு. வரம்பின் கோட்டில் கால்விரல் வைத்து நிற்பதுபோல. எனக்கு ஜூன் வைத்த கதை தெரிந்த கிரேஸ், தன் பிள்ளைக்காவது நிஜத் தேதி இருக்கட்டும் என்று பிடிவாதமாகப் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கும்படி பார்த்துக்கொண்டவள். “கர்த்தர் ஒரு நாள்கூட வேஸ்ட் பண்ணல பாருண்ணா,” என்றாள் போனில்.

என் வருடாந்திர விடுப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஜூன் 21 காலை மீனம்பாக்கத்தில் இறங்கினேன். பல்லாவரம் தாண்டும்வரை எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. பெருங்களத்தூர் வந்ததும் வழி தெரியவில்லை. நான் பத்து வருடம் பஸ்ஸுக்கு நின்ற இடத்தை ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுக்ககத்தின் வாசலில் காவலாளி ஏழுமலை பெட்டியை வாங்கிக்கொண்டே, “கொரியா மாமா நீதானா சார்? பாப்பா டிவில வருதாமே. ஓட்டு கீட்டு போடணும்னா இப்பவே சொல்லிடு. எலெக்‌ஷன் மாதிரி கடைசி நாள்ல வந்து நிக்காதீங்க. டெய்லி கார் ஷெட்டுல ஆடிக்கினு கீது, நான் ஒருத்தன் பாத்துக்கினு கீறேன். எனக்குத்தான் மொத ஓட்டு,” என்றார்.

ஜூன் 25 அன்று நிகழ்ச்சி அலுவலகத்திலிருந்து இன்னொரு படிவம் வந்தது. அங்கே போட்டியாளர்களோடு பேசிப் பழகி, அவர்கள் கதையைத் திரட்டுபவர்களுக்கு சாக்கா, அதாவது எழுத்தாளர் என்று பெயர். எங்களுக்கு வாய்த்தவர் யுன் என்கிற இளம்பெண். பிடித்த உணவு, பயப்படும் பொருள், கடைசியாக அழுத நாள் என்று நாற்பது கேள்விகள். முப்பத்து மூன்றாவது: பிறந்த நேரம். கொரியர்கள் ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் வைத்துப் பலன் பார்ப்பார்கள், சாஜு என்பார்கள். ஒரு பகுதியில் ஜோசியர் வந்து எந்தப் பிள்ளைக்கு யாரோடு பொருந்தும் என்று சொல்வாராம்.

வேறு குடும்பமாக இருந்தால் ஜாதக நோட்டைத் திறந்து நாழிகை விநாடியோடு சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக யாருக்கும் ஜாதகம் கிடையாது.

“எத்தனை மணிக்குப் பொறந்தான்னு எனக்கெப்படித் தெரியும்? நான் கத்திக்கிட்டு இருந்தேன்,” என்றாள் கிரேஸ்.

“ராத்திரி,” என்றார் ராஜன். “நான் உடனே ஓடிப்போய் மச்சானுக்குத்தான் போன் போட்டேன். பெருங்களத்தூர் பூத்துலேர்ந்து. மச்சான் எழுதி வச்சிருப்பாரு.”

எழுதித்தான் வைத்திருந்தேன். பள்ளிக்காலம் முதல் டைரி எழுதுகிறேன். நிறைந்தவற்றை விடுப்பில் வரும்போது கொண்டுவந்து கிரேஸ் வீட்டுப் பரணில் வைப்பது வழக்கம். ஏணி போட்டு அந்த ஆண்டின் டைரியை எடுத்தேன். ஜூலை 1 பக்கத்தில் நீல மையில் இரண்டு வரி: “00:10. ராஜன் போன். கிரேஸுக்குப் பெண். இருவரும் சுகம். தேதி கேட்டார், சொன்னேன்.”

முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பதினேழு வருடத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்தைக் கையில் வைத்திருக்கிறேன் என்ற சின்னக் கர்வம். பிறகு கடைசி வாக்கியத்தை மறுபடி படித்தேன்.

“ராஜன், தேதி கேட்டீங்களா என்ன?”

“ஆமா மச்சான். ரெண்டு நாளா தூக்கமில்ல. ஆஸ்பத்திரில ஒரு ஃபாரம் குடுத்து ஃபில்லப் பண்ணச் சொன்னாங்க. எனக்கு அன்னைக்குத் திங்களா செவ்வாயான்னே தெரியல. நம்ம வீட்ல தேதின்னா நீங்கதானே. கேட்டேன், ஜூலை ஒண்ணுன்னீங்க. அப்படியே வந்து எழுதிட்டேன்.”

“குழந்தை பொறந்து எவ்வளவு நேரத்துல போன் பண்ணீங்க?”

“அரை மணி இருக்கும்.”

கொரியா இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சாங்வொனில் நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம் என்றால், பெருங்களத்தூரில் இரவு 8:40. தேதி ஜூன் 30. ராஜன் பெருங்களத்தூரில் நின்றுகொண்டு தன் மகள் பிறந்த தேதியைக் கேட்டிருக்கிறார். நான் கொரியாவின் தேதியைச் சொல்லியிருக்கிறேன்.

பல ஆவணங்கள் ஒரே தேதியைச் சொன்னால் அந்தத் தேதியை நம்பலாம் என்பது பழைய கல்வெட்டு, கிணற்றுக்கல், சபைப் பதிவேடு என்று ஓய்வு நேரத்தில் தேடித்தேடிப் படிக்கும் என்னைப் போன்றவர்களின் பாலபாடம். பெனிட்டாவுக்கு ஐந்து ஆவணங்கள் இருந்தன. ஐந்தும் ஒரு தொலைபேசியில் நான் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்தவை. மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடலாம் என்றால், பெருங்களத்தூரில் அந்த மருத்துவமனையே மூடப்பட்டு, இடத்தில் பாத்திரக்கடை வந்து பல வருடம் ஆகிறது. கடைக்காரரிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன். குக்கர் எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டார்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். கிரேஸ் தட்டைத் தள்ளிவைத்தாள். “உன்னை யாருண்ணா அந்த டைரியை எடுக்கச் சொன்னது? நேரம் தெரியாதுன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம்ல?” சற்று நேரம் கழித்து அவளே, “இப்ப நான் எப்படி அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடறது? ‘உண்மைன்னு உறுதி அளிக்கிறேன்’னு இருக்கு,” என்றாள். வகுப்பில் காப்பியடித்த பிள்ளையின் விடைத்தாளை அதன் அம்மா அழுதும் திருப்பித் தராதவள் அவள்.

ராஜன், “கவர்மெண்ட் குடுத்த தேதிதான் தேதி. இதுல பொய் எங்க இருக்கு? நான் கேட்டேன், மச்சான் சொன்னாரு, நான் எழுதினேன்,” என்றார். அது பழி சொல்வதாகவும் இருந்தது, ஆறுதல் சொல்வதாகவும் இருந்தது.

பெனிட்டா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் உயரவில்லை. “மாமா, மூணு வருஷம் கார் ஷெட்டுல ஆடியிருக்கேன். வீடியோவுல எண்ணெய்க் கறை தெரியக்கூடாதுன்னு தரையத் தொடைச்சிட்டு ஆடியிருக்கேன். ஒரு நாள் மாமா. அதுவும் நான் பண்ணின தப்பில்ல.”

“தெரியும்மா.”

“அப்ப நீங்களே அவங்ககிட்டப் பேசுங்க. உங்களுக்குத்தான் கொரியன் தெரியும். அவங்க வேணாம்னா வேணாம். ஆனா நீங்க சொல்லாம இருந்தீங்கன்னா, அம்மா சைன் பண்ண மாட்டாங்க.”

மறுநாள் காலை யுன்னோடு போனில் பேசினேன். என் கொரிய மொழி தொழிற்சாலைக் கொரிய மொழி. அளவு, பழுது, காலக்கெடு பற்றி நன்றாகப் பேச வரும். “என் மருமகளின் பிறந்தநாள் ஒருவேளை சான்றிதழில் இருப்பதற்கு ஒரு நாள் முன்னதாக இருக்கலாம்” என்றேன். யுன் சிரித்தார். “ஓ, சந்திர நாட்காட்டியா? எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். வீட்டில் ஒரு நாள், பதிவில் ஒரு நாள். அப்பாவுக்கு இன்னும் மோசம், ஒரு வருடம் கழித்துத்தான் பதிந்தார்களாம்.” அப்படியில்லை என்று நேர வித்தியாசத்தை விளக்கினேன். “இந்திய நாட்காட்டியில் நாள் எப்போது தொடங்கும்? சூரிய உதயத்திலா?” என்று ஆர்வமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு அன்பாக, “எங்களுக்குப் பதிவில் இருக்கும் தேதி போதும் ஐயா. நிறையப் பேர் வீட்டில் வேறு தேதிதான் கொண்டாடுகிறார்கள். கேமரா முன்னால் மட்டும் யாரும் வேறு தேதி சொல்ல வேண்டாம், பார்ப்பவர்கள் குழம்புவார்கள்” என்றார்.

மூன்றாவது முறை விளக்க வார்த்தைகள் என்னிடம் இருந்தன. மனதுக்குள் வாக்கியத்தை அமைத்தும் விட்டேன். ஆனால் சொல்லவில்லை. நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். “சொல்லிட்டியா?” என்றாள் கிரேஸ். “சொன்னேன். பதிவில் இருக்கறது போதும்னாங்க,” என்றேன். இரண்டு வாக்கியமும் உண்மை. அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறந்த நேரம் என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதினோம். கேக் ஜூலை ஒன்றாம் தேதியே வெட்டப்பட்டது. ஏழுமலைக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள் பெனிட்டா. “இன்னா வயசு பாப்பா?” என்று கேட்டதற்கு, “மாமாவக் கேளுங்கண்ணா,” என்றாள்.

நிகழ்ச்சி நவம்பரில் ஒளிபரப்பானது. நான் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, அவள் திரையில் தெரிந்த நேரத்தை நொடிக் கணக்கில் குறித்தேன். முதல் பகுதியில் பதினொரு நொடி. இரண்டாவதில் நான்கு. மூன்றாவது பகுதியில்தான் நான் எதிர்பாராதது நடந்தது. கொரியாவில் நான்கு பேர் கூடினாலே யார் மூத்தவர், யார் இளையவர் என்று தெரிந்தாக வேண்டும். யாரை எப்படி அழைப்பது, யார் முதலில் சாப்பிட உட்காருவது எல்லாம் அதைப் பொறுத்தது. வயதுவரம்பு ஜூலை 1. ஜூலை 1 அன்று பிறந்தவள் பெனிட்டா. ஆகவே அத்தனை போட்டியாளர்களிலும் மூத்தவள் அவள்தான். திரையில் அவள் பெயருக்குக் கீழே ‘மாத்-ஒன்னி’ என்று எழுத்து வந்தது. எல்லோருக்கும் மூத்த அக்கா என்று பொருள். வீட்டில் ஒற்றைப் பிள்ளை. தட்டைக்கூடக் கழுவவிடாமல் வளர்த்த பிள்ளை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் அவளிடம் ஓடிவந்து ஒன்னி, ஒன்னி என்றன. அவளைக் குழுத் தலைவியாக வைத்தார்கள். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, வயதே தேர்ந்தெடுத்தது.

இரண்டாம் கழிப்புச் சுற்றுக்கு முன்னால் ஒரு பாட்டை ஏழு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். நடுவில் வரும் நீண்ட வரிதான் உயிர்; அதைப் பாடுபவள்தான் பார்வையாளர் நினைவில் நிற்பாள். பெனிட்டாவின் குரலுக்கு அது பொருந்தியது, பயிற்சியாளரும் அதைச் சொன்னார். குழுவில் இளையவளான பிள்ளைக்கு அது வேண்டியிருந்தது. மூலையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டாள். கேமரா பெனிட்டாவின் பக்கம் திரும்பியது. ஆறு நொடி. பிறகு அவள், “நீயே பாடு,” என்றாள் கொரிய மொழியில், நம் ஊர் இழுவையோடு. மறுநாள் தொழிற்சாலையில் பார்க், “உங்கள் மருமகள் நன்றாக வளர்க்கப்பட்டவள். அந்த வயதில் மூத்தவளாக நடந்துகொள்வது எளிதல்ல,” என்றார். நான் தலையாட்டினேன். அந்தச் சுற்றில் பெனிட்டா கழிக்கப்பட்டாள். அந்தச் சின்னப் பிள்ளை கடைசிக் குழுவில் இருக்கிறாள்.

கணக்கு இப்படி நிற்கிறது. டைரியை நான் நம்பியபடி அவள் ஒரு நாள் மூத்தவளாகப் பதிவாகியிருந்தால் போட்டிக்குள்ளேயே வந்திருக்க மாட்டாள். ஒரு மாதம் இளையவளாக இருந்திருந்தால் அந்த வரியை அவளே பாடியிருப்பாள். நான் சொன்ன தேதி அவளை உள்ளே விட்டது. அதே தேதி வெளியேயும் அனுப்பியது என்று சொல்லத் தோன்றுகிறது. பெனிட்டாவிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. “தேதியெல்லாம் இல்ல மாமா. அது அழுதுச்சு, குடுத்தேன். அவ்வளவுதான்.”

இதைச் சொன்னது சாங்வொனில், என் அறையில். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் மூன்று நாள் என்னோடு தங்க அனுமதித்தார்கள். இளைத்திருந்தாள், சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுவதும் தூங்கினாள். இரண்டாம் நாள் மாலை மேசையில் அவள் கைக்கடிகாரம் கிடந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய சாதாரணக் கடிகாரம். மணி ஏழரை, அதில் நான்கு.

“பேட்டரி போயிடுச்சு போல,” என்றேன்.

“இல்ல மாமா, நல்லா ஓடுது. நம்ம ஊர் டைம். விடுதில போனை வாங்கி வச்சுக்கிட்டாங்கல்ல, அதனால இதை மாத்தவே இல்ல. இப்ப அம்மாவுக்கு ஸ்கூல் விடுற நேரம்னு பாத்துப்பேன்.” கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு, சும்மா கேட்பதுபோல, “நான் பொறந்தப்ப நீங்க இங்க வந்து மூணு வாரம்தானே ஆச்சு? உங்க வாட்ச்சை மாத்திட்டீங்களா?” என்றாள்.

என் டைரியில் இன்னும் பல குறிப்புகள் உண்டு. அன்றிரவே அந்த மாதத்துப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பும்படி கிரேஸிடம் சொல்லி, வந்தவற்றைப் படித்தேன். கொரியா வந்த நாளின் குறிப்பிலும், அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் மணி எழுதியிருக்கிறேன், எந்த நாட்டு மணி என்று எழுதவில்லை. அப்போது நான் தங்கியிருந்த விடுதியறைச் சுவரில் கொரிய நேரம் காட்டும் கடிகாரம் இருந்தது நினைவிருக்கிறது. என் கையில் அப்பா வாங்கிக்கொடுத்த கடிகாரம் இருந்ததும் நினைவிருக்கிறது. போன் வந்தபோது வெளியே இருட்டாக இருந்தது. இரண்டு கணக்குக்கும் அது பொருந்தும். சுவரைப் பார்த்து 00:10 என்று எழுதியிருந்தால் பெனிட்டா பிறந்தது ஜூன் 30. கையைப் பார்த்து எழுதியிருந்தால் பெருங்களத்தூரிலும் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ராஜன் சொல்லும் அரை மணியைக் கழித்தால் அப்போதும் ஜூன் 30 இரவு 11:40தான்; ஆனால் அந்த அரை மணி உண்மையில் பத்து நிமிடத்துக்குள் இருந்திருந்தால், கிரேஸ் போட்ட கையெழுத்து முழு உண்மை. தெற்கே போகும் பஸ்களுக்காக பெருங்களத்தூரில் எந்நேரமும் பூத்தும் கடைகளும் திறந்திருக்கும் என்பதால் ராஜனின் நினைவாலும் இதைத் தீர்க்க முடியவில்லை. அந்த மூன்றாவது வாரத்தில் நான் எந்த ஊர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படவில்லை.